பொன்னுதுரை ஐயா எழுதிய வாக்குத்தத்தம்

எங்கள் காஜா பெராங் தமிழ்ச் சபைக்குப் போதகராக வந்த பொன்னுதுரை ஐயா, லண்டனில் இறையியல் படித்தவர். படித்ததை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை. செங்கடல் பிளந்ததா? காற்றடித்தது என்பார். இயேசு தண்ணீர்மேல் நடந்தாரா? கரையோரம் ஆழமில்லை என்பார். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்கு எப்படிப் போதியது என்றால், அவரவர் மடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துத் தின்றார்களாம்! இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார் மனுஷன். மிச்சம் என்னதான் இருக்கிறது என்று கேட்டதற்கு, "நற்பண்பு" என்றார். அட, இதைச் சொல்லவா கப்பலேறிப் போய்ப் படித்தார்!

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா கிடைத்ததும் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நாடே விடுதலை அடைந்துவிட்டது. நம் விசுவாசமும் நவீனமாக வேண்டும்" என்று முழங்கினார். முதலில் கைவைத்தது வாக்குத்தத்த அட்டையில். புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டிலிருக்கும் அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். அதிலுள்ள வேதவசனம்தான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குக் கொடுக்கும் வாக்கு. "இது லாட்டரி" என்று அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் கைப்பட எழுதிய பொன்மொழிகளைத் தட்டில் வைத்தார் அந்த மகா மேதை.

அந்த நேரத்தில் எங்கள் சபைப் பொன்னம்மாவின் ஒரே மகன் செல்வராஜ் நிமோனியா கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். புருஷனில்லாதவள். ஒரு நல்ல வாக்கு கிடைத்தால் போதும் என்று ஓடி வந்து அட்டை எடுத்தாள். படிக்கத் தெரியாததால் என்னிடம் நீட்டினாள். "அற்புதத்துக்குக் காத்திராதே, உள்ளதை ஏற்றுக்கொள்" என்றிருந்தது. வாசித்துத் தொலைத்தேன். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"கர்த்தரே கைவிட்டுட்டாராக்கா?"

"அடி போடி! இது அந்த மனுஷன் எழுதுனது."

"கையில வந்தது வந்ததுதானக்கா."

அன்று சாயங்காலமே ஐயாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன், ஜெபம் பண்ணட்டும் என்று. கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று, "பேரன்பே, இக்குடும்பத்தாருக்கு மனத்தெளிவு தாரும்" என்று தொடங்கி நீட்டி முழக்கினார். செல்வராஜுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவன் பெயர்கூட அந்த ஜெபத்தில் வரவில்லை.

பொன்னம்மா கண்ணைத் திறந்தாள். "ஐயா, எம்புள்ள பொழைக்கணும்னு ஒரு வார்த்த கேளுங்கையா."

"அம்மா, அப்படிக் கேட்பது முதிர்ந்த விசுவாசமாகாது."

"முதிராட்டி போவட்டும்! கேளுங்க!"

ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கேட்டால் வாங்கிய பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்னவோ!

பக்கத்துக் கட்டிலில் ஷரீஃபுதீன் ராவுத்தர் படுத்திருந்தார், ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி நூர்ஜஹான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள், பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாள்.

"யா அல்லா, இந்தத் தாய்க்கு அவ புள்ளயக் குடுத்துரு."

"ஆமென்" என்றாள் பொன்னம்மா, வார்டே திரும்பிப் பார்க்கும்படி. நானும் சொன்னேன்.

ஐயா தொண்டையைக் கனைத்தார். பொன்னம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நூர்ஜஹானின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ கேளுங்கம்மா" என்றாள்.