பவுனு சுவருக்குள் நிற்கிறாள்

தனம் போய்விட்ட செய்தி தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்ததாம். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் மழையில் குடைகூட இல்லாமல் நடந்து வந்து, மெஷினுக்கு அடியில் படுத்திருந்த என்னை, "தம்பி, வெளிய வாப்பா" என்று கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த நட்டை முறுக்கி முடித்த பிறகுதான் வெளியே வந்தேன். அன்றிலிருந்து எல்லா வேலையையும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

காய்ச்சல் என்று படுத்தவள், திரும்பி வரும்போது லோரியில் வந்தாள். லயத்துப் பெண்களே, நீங்களெல்லாம் கூடி அழுதீர்கள். முனியம்மாக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எங்க பவுனையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டியேடி!" என்று கதறினார். மற்றவர்களும் பவுனு, பவுனு என்றே அழுதீர்கள். செத்தவள் என் மனைவி. நீங்கள் அழுததோ ஒரு டிவிப் பெண்ணுக்கு. உங்கள்மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பவுனைத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு வெள்ளைக்காரத் தொடர் வரும். அதில் ஒரு பெண் சுவரை ஊடுருவி நடப்பாள். பேச்சு இங்கிலீஷ், கீழே ஓடும் எழுத்து மலாய். நம் தோட்டத்துப் பொது ஹாலில் கூடும் பெண்களுக்கு இரண்டும் எட்டாது. பள்ளிக்கூடத்தில் பாரம் மூன்று வரை படித்த தனம் டிவி பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். தங்க நிற முடியைப் பார்த்து, பவுனு என்று பெயர் வைத்தாள். இரண்டாவது வாரமே டிவி ஒரு கதை சொல்ல, தனம் வேறு கதை சொன்னாளாம். பவுனு துரை பங்களாவுக்குள் புகுந்து வருவாளாம். பவுனை அட்டை கடிக்காதாம். சுவருக்குள் போகும்போது தும்மல் வந்தால் மட்டும் அங்கேயே மாட்டிக்கொள்வாளாம்.

'ஆம்' போட்டே எழுதுகிறேன். ஏனென்றால் அந்தக் கதையில் ஒரு வரிகூட நான் கேட்டதில்லை. நம் மலையில் படம் ஒழுங்காகத் தெரியாது. மூங்கிலில் ஏரியலைக் கட்டி, ஹாலின் தகரக் கூரைமேல் ஏறி, காற்றில் அது திரும்பாமல் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். கீழே நீங்கள் சிரிப்பது கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாள் என்று தெரியாது. படம் கலங்கினால் தனம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவாள். "ஏங்க, கொஞ்சம் கோலா தெர்லா பக்கம் திருப்புங்க... இன்னும் கொஞ்சம்... போதும்! அங்கேயே நில்லுங்க!"

ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் பவுனு கதைய எனக்கும் சொல்லேன்" என்றேன்.

"மறுபடியுமா? தொண்ட கட்டிப்போச்சுங்க. உள்ள வந்து கேளுங்க லா."

"நான் இறங்குனா படம் போயிரும்."

"போனா என்ன? கதை எங்கிட்டதானே இருக்கு" என்றாள்.

சாவு வீடு கலைந்ததும் நான் செய்த முதல் காரியம், ஏரியலைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டது. அவள் கதையை இன்னொரு வாய் சொல்லக்கூடாது.

கருமாதி முடிந்த பிறகு முனியம்மாக்காவும் பாப்பாத்தியும் வந்தார்கள். தனம் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள் பாப்பாத்தி.

"தம்பி, ஏரியல மாட்டிக் குடுப்பா. பவுனு சுவத்துக்குள்ள நிக்கிறா."

"நிக்கட்டும்."

"என்னப்பா இப்பிடிச் சொல்ற? போன தடவ தும்மிட்டா. இந்த வாரம் வெளிய இழுத்துருவேன்னு தனம் சொல்லுச்சு. மிச்சத்த இந்தப் பாப்பாத்தி சொல்றேங்கிறா."

"அந்த டிவிக்காரியோட புருசன் வந்து இழுக்கட்டும்."

பாப்பாத்தி சிரித்துவிட்டாள். "டிவியில அவளுக்கு ஏதுண்ணே புருசன்? அது தனக்கா சேத்தது. அந்த ஆளு எப்பவும் கூரமேலயே நிப்பாரு. பொண்டாட்டிக்கு சக்தி இருக்கிறதே அவருக்குத் தெரியாது. பவுனு எங்க போய்ட்டு வந்தாலும் மொதல்ல கூரையத்தான் அண்ணாந்து பாப்பா. அவரு நிக்கிறாரான்னு."

என்னைக்கூடக் கதையாக்கி உங்களிடம்தான் சொல்லியிருக்கிறாள். அந்தக் கூரைக்காரனை வாரா வாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவன்மேலும் பொறாமையாக இருந்தது.

"ஏரியலுக்கு ஒரு கிளாம்ப் அடிச்சு இறுக்கிட்டா ஆவாதா?" என்று முனியம்மாக்கா கேட்டார். "நீ ஈப்போவுல படிச்ச வயர்மேன்தானே?"

"காத்து ஜாஸ்திக்கா. நிக்காது" என்றேன். முன்பும் அதையேதான் சொல்லிவந்தேன்.

பவுனு அண்ணாந்து பார்க்கும்போது கூரை காலியாக இருக்கக்கூடாதென்று, அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரியலோடு ஏறினேன். கீழே பாப்பாத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். படம் கலங்கியது. ஜன்னலில் முனியம்மாக்காவின் தலை வந்தது. "தம்பி, திருப்பு! ஆங், தெரியுது, தெரியுது!" குரல் வேறு. அது வேறாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

முனியம்மாக்கா, நான் தனத்தைக் கட்டிக்கொண்டு வந்த வருசத்திலிருந்தே அந்தக் கிளாம்ப் என் பையில் கிடக்கிறது. எந்தக் காற்றுக்கும் அசையாது. அதை அடித்துவிட்டால் அவள் ஜன்னலுக்கு வரமாட்டாள் என்றுதான் அடிக்கவில்லை. பவுனை நீங்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். "போதும், அங்கேயே நில்லுங்க" என்று அவள் சொன்னது எனக்கு மட்டும் சொன்னது. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.