பிளக்கைப் பிடுங்கிய பின்னும்

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்தும் அதோடு போய்விடும் என்று என் கணவர் நம்பினார். ஞானஸ்நானத்தன்று தான் போட்டுவிட்ட வெள்ளிச் சங்கிலியும் மாதா பதக்கமும் கழுத்தில் இருக்கும்வரை மகனை எதுவும் அண்டாது என்று என் மாமியார் நம்பினார். மூலக்குளம் வீட்டில், ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், இவ்விரு நம்பிக்கைகளுக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருப்பேன்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியபோது கொண்டுவந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் அது. அவர் மறைந்த பிறகு அதைப் பாடவைப்பதைக் கணவர் தம் கடமையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் பெரிய கண்டென்சர்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னைத் தேக்கி வைத்திருக்கும் என்று நான் படித்திருந்தேன். அவர் குனியும்போதெல்லாம் பதக்கம் சட்டைக்கு வெளியே விழுந்து, திறந்து கிடந்த கம்பிகளுக்கு மேல் ஆடும். நான் அருகில் போய் நிற்பேன்.

“ஏங்க, அதக் கழட்டி வச்சிட்டு செய்யுங்களேன்.”

“பிளக்கத்தான் புடுங்கிட்டனே. செத்த பாம்பப் பாத்து பயப்புடுறியே!”

அடுக்களையிலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: “கழட்டுன, தொலைச்சிடுவேன்டா. ஏம்மா, மாதாவ விட உன் புஸ்தகத்துக்கு அதிகமா தெரியுமா?”

ஒரு ஞாயிறு, சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்தவர், பிளக்கைப் பிடுங்கிய கையோடு உள்ளே குனிந்தார். இடது கை ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தகட்டின் மேல் இருந்தது. பதக்கம் கண்டென்சரின் முனையைத் தொட்டது. ‘சடக்’கென்று ஒரு சத்தம், நாற்காலியோடு பின்னால் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைச் சோதித்து, மாலைவரை படுக்கவைத்து அனுப்பினார்கள். கழுத்தில் சங்கிலி பதிந்த இடத்தில் கோடாக ஒரு தீப்புண். வழியெல்லாம், “பிளக்கத்தான் புடுங்கிட்டனே” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புண் ஆறியபின் அவர் மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மாமியார் வந்து, சங்கிலியைக் கழற்றித் தம் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“உனக்கும் சேத்து நான் போட்டுக்கிறேன். நீ உம் பொண்டாட்டி சொல்றாப்புல செய்.”

எதிரே அமர்ந்து ஜெபமாலை உருட்டத் தொடங்கினார். கணவர் நான் படித்துச் சொன்னபடியே, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தார். உறையிட்ட கம்பிகளில் கோத்த ரெசிஸ்டரால் தேங்கியிருந்த மின்னை வடித்தார். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை எதையும் தொடவில்லை. பிறகு, மின்சாரம் நெஞ்சின் வழியே பாயாதபடி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் வேலை செய்தார். பின்னர் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதுவே வழக்கமாயிற்று. என் பயம் போய்விடவில்லை; ஆனால் பயப்படுவதற்கு எனக்கு ஒரு துணை கிடைத்திருந்தது.

மாமியார் இப்போது இல்லை. என் கணவர் பெட்டியைத் திறக்கும்போது எதிரே அமர்ந்து பயப்பட நான் மட்டும் இருக்கிறேன்.