துருக்கி மாஸ்டர் வரைந்த முதல் ஆள்

மீரா உசேன் எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். நான் கணக்கு வாத்தியார். நன்னிலத்தைத் தாண்டி வயல் நடுவில் இருக்கிற அந்த உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் டிபன் பாக்ஸ் திறப்போம். அதனால் துருக்கி தேசத்துச் சித்திரக்கலை பற்றி தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அதிகம் தெரிந்த கணக்கு வாத்தியார் நான்தான். நானாக ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதல்ல.

எல்லாம் அவருடைய மச்சான் அப்துல் மஜீது செய்த வேலை. கப்பலில் சமையல்காரராக இருந்தவர், இஸ்தான்புல்லில் இருந்து தலையணை கனத்துக்கு ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தார். ஊரில் மற்றவர்களுடைய மச்சான்கள் சென்ட் பாட்டில் வாங்கி வருவார்கள். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. மீரா உசேன் அகராதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக உழுதார். உழுததையெல்லாம் மறுநாள் என் தயிர்சாதத்தில் கொட்டினார். பையன்கள் துருக்கி மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் பரம சந்தோஷம்.

அவர் ஆளை வரையமாட்டார். ஆடு மாடு கூடக் கிடையாது. "உசுருள்ளத வரையாதே" என்று அவருடைய அத்தா சிறுவயதில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவர். தென்னை, வாய்க்கால், மழைமேகம் என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. புத்தகத்தின் முதல் பகுதியை முடித்த அன்று குதித்துக்கொண்டு வந்தார்.

"சார், துருக்கியில மொதமொத புதுமாதிரி படம் போட்டவங்க யாரு தெரியுமா? பட்டாளத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க! அரண்மனைத் தோட்டத்து போட்டோவப் பாத்து வரைஞ்சிருக்காங்க. மரம் இருக்கு, குளம் இருக்கு, ஆளே இல்ல. நம்ம கட்சி சார்!"

புத்தகம் அதோடு நின்றிருந்தால் தேவலை. அடுத்து வந்தவர்கள் பாரிசுக்குப் போய்ப் படித்துத் திரும்பி மனுஷர்களை வரைந்தார்கள். சுல்தான் போய்க் குடியரசு வந்ததும் ஊர்ச் சதுக்கங்களில் சிலைகள் எழுந்தன. நம் பக்கத்திலும் கட்சிக்காரர்கள் முச்சந்திக்கு முச்சந்தி சிலை வைத்துக்கொண்டிருந்த காலம், அதனால் அந்த அத்தியாயம் எனக்கே புரிந்தது. துணியில்லாத சிலை இருந்த ஒரு பக்கத்தை அவர் மைதா பசை போட்டு ஒட்டிவிட்டார். மனைவி மெஹராஜ் பேகம் அதை ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு என்னங்க வெக்கம்?" என்று கேட்டாராம்.

பிறகு ஒரு பக்கம் வந்தது. குடியரசு அரசாங்கம் ஓவியர்களை வெளி மாகாணங்களுக்கு அனுப்பி, ஊரையும் சனங்களையும் வரைந்து வாருங்கள் என்றதாம். அங்கே மாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பண்ணையார் பஞ்சநதம் கூப்பிட்டனுப்பினார். வாய்க்கால் ஓரத்து வயலைப் பெரிய ஆயில் பெயின்டிங்காகக் கூடத்தில் மாட்ட வேண்டும். "அந்த மூலையில ஒரு குடிசை கெடக்கு. அது வேணாம்" என்றார். பண்ணை நிலத்தில் குடியிருப்பவனுக்கே அந்த மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த வருஷம் அது. மாஸ்டருக்கு அதெல்லாம் புத்தியில் ஓடவில்லை. குடிசையை விட்டால் ஆளையும் விடலாம், வசதியாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரப்பில் உட்கார்ந்து வரைந்தார். பண்ணையார் பாதியில் வந்து பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி ஞாயிறு நானும் கூட இருந்தேன். குடிசைக்காரன் வீரையன் வந்து படத்தை உற்றுப் பார்த்தான். பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க ஊடு எங்கங்க?"

மாஸ்டர் தூரிகையைக் கழுவ ஆரம்பித்தார்.

"படத்துலயே எடுத்துட்டீங்க. தரையில எடுக்க எவ்வளவு நேரமாவும்? யாரு யாரு குடியிருக்காங்கன்னு எழுத நாளான்னைக்கு தாசில்தாரு வர்றாராம். அங்க குடிசையே கெடையாதுன்னு சொல்லப் போறாங்க. எங்கள எங்க போவச் சொல்றீங்க?"

மாஸ்டர் கழுவின தூரிகைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ குழம்பின வண்ணத்தைத் துடைத்துவிட்டு, "வீரையா, உன் சம்சாரத்த வாசல்ல வந்து நிக்கச் சொல்லுப்பா" என்றார்.

அந்தப் பெண் வந்து நின்றாள். குடிசை அரைமணியில் வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. ஐம்பது வயதில் முதன்முதலாக ஒரு மூக்கு வரைகிற மனுஷனுடைய கஷ்டத்தை அன்றுதான் பார்த்தேன். "அசையாத தாயி" என்று கெஞ்சினார். ஒரு கண் மேலேறிவிட்டது. ஆனால் அவள்தான், சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை, காயாத பெயின்டில் ஒட்டாதபடி படத்தைத் துணி சுற்றி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனோம். தாசில்தார் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க குடிசையாவது ஒண்ணாவது" என்று பண்ணையார் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தாசில்தார் பக்கம் திரும்பினார். "நீங்க வெயில்ல அலையணுமா? இதோ, எடத்தப் பாத்தே வரைஞ்ச படம்!" அவரே துணியை உருவினார்.

தாசில்தார் எழுந்து கிட்டத்தில் வந்தார். "யாருங்க இந்தம்மா?"

"வீரையன் சம்சாரம் சார்" என்றார் மாஸ்டர். "அந்த ஊட்டுலதான் இருக்காங்க."

"எடத்தப் பாத்தே வரைஞ்சதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று பண்ணையாரிடம் கேட்டுவிட்டுத் தாசில்தார் செருப்பை மாட்டினார். பண்ணையார் எங்களை முறைத்தார். அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

வரப்பில் ஆறேழு பண்ணை ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். வீரையனைக் காலையிலேயே விதைமூட்டை ஏற்றிவர டவுனுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். குடிசை வாசலில் அவள் நின்றாள். படத்தில் இருந்த அதே சேலை, வாசல் நிலையைப் பிடித்த அதே கை.

"விடிஞ்சதுலேருந்து இப்படியே நிக்குதுங்க" என்றான் ஒருவன் சலிப்பாக. "பொம்பளப்புள்ள மேல கைய வச்சு இழுக்க முடியுமா?"

தாசில்தார் குடிசையைச் சுற்றிவந்து அடுப்பைப் பார்த்தார், முருங்கை மரத்தைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார்.

மாஸ்டர் அவளிடம் போனார். "ஏன் தாயி இப்படி நிக்கிறே?"

"நீங்க நிக்கிறமாதிரியில்ல எழுதிட்டீங்க. ஆபீசரு வர்றப்ப நான் இங்க இல்லன்னா வாத்தியாரய்யா பொய்யி எழுதினாருன்னு ஆயிடுமில்ல?"

மீரா உசேன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள்.

"அய்யா, இப்ப நான் உக்காந்துக்கலாங்களா?"