தோசைமாவுக்குப் பக்கத்தில் ஒரு டயர்

அவுஸ்திரேலியப் பாலைவனத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பது என் நெடுநாள் ஆசை. கூட வரச் சம்மதித்த மெல்பேர்ண் நண்பன் ஒரேயொரு நிபந்தனை போட்டான்: "அங்கை உதவிக்கு ஒருத்தரும் வரமாட்டினம். தனிய டயர் கழட்டப் பழகிக்கொண்டு வா."

பனிநாட்டில் நான் வசிக்கும் ரொம்சோஸில் அது கடுங்குளிர்காலம். நிலக்கீழ்க் கராஜில் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். டயர் கல்லாய் இறுகி, ரிம்மை விட்டு அசையவில்லை. கை உரிந்ததுதான் மிச்சம். "குளிருக்கு இறுகிப்போச்சுது போலை" என்ற மனைவியிடம், "உமக்கு உது விளங்காது, பேசாமல் போம்!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் வேலையால் வந்தால், குளியலறையின், கீழிருந்து சூடேறும் வெப்பத் தரையில், அவள் தோசைமா புளிக்க வைக்கும் மூலையில், விரித்த பேப்பரின்மேல் டயரோடு அந்தச் சில்லு கிடந்தது. மாச்சட்டி ஓரமாய் ஒதுக்கப்பட்டிருந்தது. "குளியலறையிலும் ஒருத்தர் மா வைப்பாரோ" என்று அவளை வருடக்கணக்காகப் பகிடி பண்ணியவன் நான்.

"மா பொங்குற சூட்டுக்கு ரப்பர் இளகாதோ?" என்றாள்.

டயர் பத்தே நிமிடத்தில் கழன்றது. என் எரிச்சல் மட்டும் தணியவில்லை; இப்போது அது என்மேலேயே திரும்பியிருந்தது.

பிறகு பாலைவனத்தில் இரண்டு தரம் தனியாக டயர் கழற்றினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்னும் பழகவில்லை.