கூப்பிடாமல் போக வேண்டிய வீடு

அவனியாபுரத்தில் எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருக்கும் சுந்தரம்மாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. காலமெல்லாம் மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். வாய்தான் அப்படி, தன்னை நம்பி வந்தவர்களை லேசில் கைவிடமாட்டாள். புருஷன் போன பிறகு மில்லையும் மாடி வாடகையையும் வைத்துத்தான் காலம் ஓடுகிறது. அந்த மாடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைக் குடிவைத்தபோது தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பின்லாந்துக்காரர்கள். புருஷன் மிக்கோ காற்றாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். மாதத்தில் பாதி நாள் திருநெல்வேலிப் பக்கம் போய்விடுவான். பெண்டாட்டி பெயர் ஐனோ. எல்லி என்று சின்னதாக ஒரு மகள். வந்த புதிதில் ஐனோ தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று வெறுங்குடத்தோடு திரும்புவாள். முண்டியடிக்க வெட்கம். எதிர்வீட்டு ராமக்காள்தான் அவளுக்கு முண்டவும், காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசவும், தமிழில் நாலு வார்த்தை திட்டவும் சொல்லிக்கொடுத்தாள். தன் தங்கச்சி என்றுதான் ஐனோவைச் சொல்வாள். எல்லிக்குக் காய்ச்சல் முற்றியபோது, ராமக்காள் புருஷன் பேயாண்டி தன் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

அந்த ராமக்காள் ஒருநாள் விடிகாலையில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனாள்.

பொழுது விடிவதற்குள் பந்தல் போட்டாகிவிட்டது. திருவாதவூரில் கட்டிக்கொடுத்த மகள் தமிழ்வாணி தெருமுனையிலேயே ஆட்டோவிலிருந்து குதித்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். கொட்டு வந்தது, சொந்தம் வந்தது. மாடி வீடு மட்டும் திறக்கவில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, திரையும் இழுத்துவிட்டிருந்தது. எங்கள் பக்கம் சாவு விழுந்த கேத வீட்டுக்கு எதிரே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது பகையாளி செய்கிற காரியம். மத்தியானத்துக்குள் பந்தலில் இருந்த அத்தனை கண்ணும் அந்த ஜன்னல் மேல்தான்.

சுந்தரம்மாள் விடியற்காலையிலிருந்து கேத வீட்டில்தான் கிடந்தாள். அவளுக்கும் உள்ளே கொதித்தது. சொல்லி வரவேண்டிய இடமா இது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கொழுந்தன் முத்திருளன் பந்தலுக்குப் பின்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிறவர் அவர்.

"மதினி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவரு வீட்டுக் கேதம் இது. ஒரு எட்டு இறங்கி வரலைன்னா என்ன அர்த்தம்?"

"மிக்கோ ஊர்ல இல்ல தம்பி. அவ ஒத்தையா..."

"அதெல்லாம் பேசாத. எடுக்கிறதுக்குள்ள வந்தா வரட்டும். வரலைன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிரு. மாட்டேன்னா, நாளைக்கு ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கு எவனும் வாசப்படி மிதிக்கமாட்டான்."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீட்டை அப்படி ஒதுக்கிவைத்ததில், அந்த வீட்டுக்காரர் மகள் கல்யாணத்தை வெளியூரில் போய் நடத்தினார். அதற்குள் நீர்மாலைக்குக் கொட்டு முழங்கத் தொடங்கியது. தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டிவிட்டால் அப்புறம் தூக்குவதுதான் பாக்கி. காலி பண்ணுடி என்று சொல்லிவிடுவதென்றே முடிவு பண்ணிக்கொண்டு மாடி ஏறினாள்.

கதவைத் தட்டவில்லை, இடித்தாள். ஐனோ திறந்தாள். கறுப்பு உடை, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே விளக்கில்லை, டிவி இல்லை, அடுப்பு பற்றவைத்த வாடையே இல்லை. எல்லி மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. சுந்தரம்மாள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு கேட்டாள்.

"ஏன்டி, இப்படி அழுகிறவ கீழ வரவேண்டியதுதானே?"

"அவங்க குடும்பம் அக்கா. நான் வெளி ஆளு. எங்க ஊர்ல, அந்த வீட்டுல இருந்து சொன்னாத்தான் போவோம். போனா, அவங்க அழுகைக்கு இடைஞ்சல்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ராமக்காள் அக்கா வீட்டுக்குக் கூப்பிடாம நான் போனதே இல்ல. அக்கா வாசல்ல நின்னு கூப்பிடும். அப்புறம்தான் போவேன். காலையில இருந்து கதவுகிட்டயே நிக்கிறேன். யாரும் கூப்பிடல."

"கேதத்துக்கு எவடி பத்திரிகை அடிச்சுக் கொடுப்பா? காதுல விழுந்ததும் ஓடியாரணும்டி!"

ஐனோவின் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப வந்தா திட்டுவாங்களா அக்கா?"

"திட்டுவாங்க. வா."

சுந்தரம்மாள் எல்லியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஐனோவின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்காத குறையாக இறக்கினாள். பந்தலுக்குள் அவர்கள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வழிவிட விலகவில்லை. குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்டி ராமக்காளைப் படுக்கவைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். தலைமாட்டில் இருந்த தமிழ்வாணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுத்த வீட்டுல இருந்து வர இம்புட்டு நேரமா? எங்கம்மா ஒங்களுக்கு என்ன குறை வச்சுச்சு?"

சுந்தரம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஐனோ முந்திக்கொண்டாள்.

"கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் "அடியாத்தீ!" என்று இளக்காரமாகச் சொன்னாள். முத்திருளன் சுந்தரம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐனோவை மானக்கேடாகப் பேசி அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

தமிழ்வாணி ஐனோவை முறைத்தபடியே இருந்தாள். பிறகு அவள் உதடு கோணிக்கொண்டது.

"ஒங்களக் கூப்பிடுற ஆளுதானே, சித்தி, செத்துப்போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

ஐனோ அப்படியே மண்டியிட்டு விழுந்தாள். கட்டிக்கொண்டு அழும் முறையெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. தமிழ்வாணிதான் அவள் கழுத்தை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஐனோ வாய்விட்டு அழுதாள், அவள் பாஷையில்.

முத்திருளன் தொண்டையைச் செருமினார். "நேரமாச்சும்மா. முகம் பார்க்கிறவங்க பார்த்தாச்சுன்னா எடுத்துரலாம்."

தமிழ்வாணி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இருங்க மாமா. எங்கம்மா தங்கச்சி இன்னும் பார்க்கல."