தேங்காய்ப்பால் காபியும் லூர்து அண்ணனும்

லூர்து அண்ணன் போய்விட்டார். கோட்டுச்சேரியிலிருந்து அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தபோது நான் திருமலைராயன்பட்டினத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "மத்தியானம் தூங்கி எந்திரிச்சு காபி கேட்டாங்க, சித்தப்பா. குடிச்சிட்டு, டிகாஷன் தண்ணியா இருக்குன்னாங்க. இன்னொரு டம்ளர் கொண்டான்னாங்க. போட்டுக்கிட்டு வரதுக்குள்ள..." என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. குறையும் சொல்லிவிட்டு இன்னொரு டம்ளரும் கேட்டிருக்கிறாரே என்று நடுவில் சிரிப்பும் வந்தது. அவரை அறிந்த உங்களுக்கு இது புரியும்.

உங்களில் பலருக்கு, அவர் ஊர் திரும்பிய பிறகுதான் அவரைத் தெரியும். எனக்கு அவர் பழக்கமானது பசிபிக் கடலில் பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஒரு தீவில். வரைபடத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும் தீவு அது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு வேலை எங்கே வாய்க்கும் என்று சொல்லவே முடியாது. அண்ணன் அங்கே மின்நிலையத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்; நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அரிசி, டீசல், டப்பாக் காபித்தூள் எல்லாமே எப்போதாவது வரும் சரக்குக் கப்பலில்தான் வர வேண்டும்.

போன புதிதில் நான் காபிக்கு ஏங்கிச் செத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும், "காபி குடிக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நான் நம் ஊர் மரியாதைப்படி, "வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்" என்பேன். உடனே, "சரி" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எதிரிலேயே உட்கார்ந்து அவர்கள் மட்டும் குடிப்பார்கள். இதை அண்ணனிடம் சொல்லிப் புலம்பியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த ஊர்ல வேணாம்னா வேணாந்தான் தம்பி. ரெண்டாவது தடவ கேட்டா நம்மள நம்பலன்னு அர்த்தமாயிரும்."

இவ்வளவு தெரிந்தவர் தன் வீட்டில் மட்டும் காரைக்கால்காரராகவே இருந்தார். வந்தவர் போதும் என்றாலும், "அட, இன்னும் அரை டம்ளர்" என்று ஊற்றிவிடுவார். ஊற்றியதை மிச்சம் வைப்பது தீவுக்காரர்களுக்கு அவமரியாதை. தீவின் மேயர் அம்மா ஒருநாள் இப்படி மாட்டிக்கொண்டு, மறுநாள் ராத்திரியெல்லாம் தூங்காமல் சிவந்த கண்களோடு மின்நிலையத்துக்கே வந்து, "லூர்து, இனி உங்கள் வீட்டில் எனக்குத் தண்ணீர் மட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அங்கே பசும்பால் கிடையாது. அண்ணன் ஊரிலிருந்து கொண்டுபோன பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கி, அதில் தேங்காய்ப்பாலை விடுவார். "சக்கரை போட்டா பாயசம், போடாட்டி காபி" என்பார். முதல் வாயில் எனக்குக் குமட்டியது. ஒரே வாரத்தில் பள்ளிக்கூட மணி அடித்ததும் கால் தானாக அவர் வீட்டுக்கு நடந்தது.

ஆனாலும் தீவு என்னைத் தின்றது. சொந்த பந்தம் இல்லை; மழை பெய்தால் போனும் இல்லை. அடுத்த கப்பலில் ஏறி ஊருக்குப் போய்விடுவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்து அண்ணனிடமும் சொன்னேன். அவர், "சரி தம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கப்பல் வரவில்லை. எஞ்சின் கோளாறு என்றார்கள். வாரங்கள் போயின. கடையிலும் எங்களிடமும் காபித்தூள் தீர்ந்தது. ஒருநாள் அண்ணன் மாதா கோயிலுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். எப்போதோ யாரோ நட்டுவிட்டு மறந்த காபிச் செடிகள் சிவப்புச் சிவப்பாகக் காய்த்திருந்தன. பறித்தோம், தகரத்தில் காயவைத்தோம், தீவுக்காரர்கள் சீமைப்பலாக்காய் இடிக்கும் கல்லில் இடித்துத் தோல் நீக்கினோம். முதல் வறுவல் கரியாகிவிட்டது. அண்ணன் அதையும் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, "நாளைக்கு நல்லா வரும்" என்றார். மறுநாள் நன்றாகவே வந்தது. வாசனைக்குத் தெருவே கூடிவிட்டது. தண்ணீர் மட்டும் போதும் என்ற மேயர் அம்மா முதல் வரிசையில் நின்றார்.

அந்த வாரமே கப்பல் வந்தது. பெட்டியோடு துறைக்குப் போனேன். அண்ணன் ஃபிளாஸ்க்கோடு வந்தார். புத்தி சொல்வார், எதிர்காலம் அது இது என்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "ஒங்க நல்லதுக்கு நீங்க போறீங்க, தப்பே இல்ல. எனக்குத்தான் கஷ்டம். ஸ்டெல்லாவும் அவ அம்மாவும் ஊருக்குப் போனப்பறம் மூணு வருஷம் ஒத்தையில காபி குடிச்சேன் தம்பி. மறுபடியும் என்னால முடியாது போல. எனக்கு நீங்க வேணும்."

எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த மனிதர். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் தூக்க, மறு பக்கத்தை அவர் தூக்க, வீட்டுக்குத் திரும்பினோம். அதன்பிறகு அங்கே ஆறு வருஷம் இருந்தேன். என் வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் அவை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். ஒருவர் வேண்டும் என்றால் சுற்றி வளைக்காமல் அவரிடமே சொல்லிவிடுவது. கோபித்துக்கொண்டு போன என் தம்பியை அப்படித்தான் திரும்ப அழைத்தேன். என் மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதும் அப்படித்தான். கோட்டுச்சேரிக் கல்லறையில் மண் போடும்போது எனக்கு ஜெபம் எதுவும் வரவில்லை. "எனக்கு நீங்க இன்னும் வேணும்ணே" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.