இன்னும் கையெழுத்து ஆகலை

எங்கள் வீட்டு வைஃபை பெட்டி ஹாலில், ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. மாடிப் போர்ஷனுக்கு அதன் சிக்னல் சரியாக எட்டாது. போன குளிர்காலம் முழுக்க அந்தப் போர்ஷனில் ஒரு அமெரிக்கர் குடியிருந்தார். எழுபதை நெருங்கிய, நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். தினமும் காலையில் ஆசிரமத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் கீழே இறங்கி வருவார். திறந்திருக்கும் கதவையும் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபடி போனைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சமையலறையில் தலைக்கு மேல் வேலை. பெருமூச்சைக் கவனித்தது என் கணவர்தான்.

அவர் அந்த வருஷம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். ஆபீஸில் இருந்தவரை ஓயாமல் பேசிய மனுஷன். ரிட்டயர் ஆனதும் பேச்சு கம்மியாகிவிட்டது. பேப்பரை விளம்பரம் உட்பட படித்து முடிப்பார். அப்புறம் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, செங்கம் ரோட்டுக்குப் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில். டாக்டரிடம் போகலாமா என்றால் அதற்கும் ஒரு வார்த்தைதான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சமையலறைக்கு வந்து, "அந்த சாருக்கு ஊர்ல யாருக்கோ உடம்பு சரியில்லபோல இருக்கு. தினம் போனைப் பாத்துட்டு மூஞ்சி வாடிப்போவுது. நீ கொஞ்சம் கேளேன்" என்றார்.

மறுநாள் கேட்டேன். அமெரிக்கருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காதுவரை சிவந்துபோனார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, இது பேஸ்பால் விஷயம் என்றார்.

அன்றைக்கு ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் சின்ன வயதிலிருந்து ஒரே அணியின் ரசிகர். அந்த அணியில் பல வருஷமாக ஆடிவரும் ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி அவர் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம், பழைய அணியிலேயே திரும்பவும் கையெழுத்துப் போடலாம். போவாரா, இருப்பாரா என்பதுதான் கேள்வி. ஐப்பசி மழையில் தொடங்கிய கேள்வி, தீபத்துக்குக் கூட்டம் வந்து கலைந்த பிறகும் அப்படியே நிற்கிறது.

என் கணவருக்குக் கிரிக்கெட் தெரியும். "ஏலம் வுட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சுடுமே, இதுக்கு ஏன் இத்தனை மாசம்?" என்று கேட்கச் சொன்னார். ஏலம் கிடையாது, ஆட்டக்காரருக்கு ஒரு தரகர் உண்டு, அவர் ஒவ்வோர் அணியாகப் பேசிக்கொண்டிருப்பார், விலை ஏறட்டும் என்று இவர் காத்திருப்பார், இறங்கட்டும் என்று அவர்கள் காத்திருப்பார்கள் என்றார் அமெரிக்கர். தினம் வருகிற செய்தி என்னவென்று கேட்டோம். "ஆர்வமாக இருக்கிறார்களாம்." அதற்கு முந்தின நாள்? "பேச்சு நடக்கிறதாம்." அதற்கு முன்னால்? "அவசரம் இல்லையாம்."

என் கணவர் சிரித்துவிட்டார். எத்தனையோ வாரம் கழித்து அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "இவங்களும் வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்னுதான் சொல்றாங்கன்னு சொல்லு அவருகிட்ட" என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஐப்பசியில் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வந்தது. பையன் சென்னையில் வேலை. கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை, பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. தீபம் முடியட்டும் என்றார்கள். அப்புறம் மார்கழி பிறந்துவிட்டது, மார்கழியில் என்ன பேசுவது, தை வரட்டும் என்றார்கள். மகளும் அந்தப் பையனும் போனில் சில தடவை பேசியிருந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது என்று அம்மாவான எனக்குத் தெரியும்.

இந்தக் கதையை அமெரிக்கருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ரொம்ப கவனமாகக் கேட்டார். "மார்கழி என்றால் என்ன?" என்றார். சொன்னேன். எங்கள் நாட்டிலும் அணி முதலாளிகள் டிசம்பர் கடைசியில் அப்படித்தான் ஒரு மாதத்தைக் காணாமல் ஆக்கிவிடுவார்கள் என்றார்.

அன்றிலிருந்து பெருமூச்சு இரண்டு பேருடையதாக ஆனது. காலையில் அமெரிக்கர் போனைப் பார்ப்பார். என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி அவர் முகத்தைப் பார்ப்பார். அவர் இல்லை என்று தலையாட்டுவார். "இன்னும் கையெழுத்து ஆகலை" என்று என் கணவர் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். கொஞ்ச நாளில் அமெரிக்கரே அந்த இரண்டு வார்த்தையைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார். "கையெழுத்து ஆகலை, சார்." இருவரும் ஒருவரை ஒருவர் சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போன பிறகு பகலில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு முழுக்கத் தெரியாது. என் கணவரின் ஆங்கிலம் ஆபீஸ் கடிதத்துக்கான ஆங்கிலம். ஆனால் சாயங்காலம் வரும்போது எனக்குச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கும். அமெரிக்கரின் ஊரில் பனி எப்படிக் கொட்டும், அவர் ரிட்டயர் ஆகும்வரை ரோட்டில் பனி தள்ளுகிற லாரி ஓட்டினார், விடிவதற்கு முன் கிளம்பிவிடுவார், லாரியில் ரேடியோ ஒன்றுதான் துணை. குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது. ஆட்டக்காரர்களில் யார் வருவார், யார் போவார் என்ற பேச்சுதான் ரேடியோவில் ஓடும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே, வரப்போகிற கோடைக்கு மனசுக்குள் ஓர் அணியை அடுக்கிக்கொண்டே ஓட்டுவாராம். "பனி தெரியாதாம், அவ்ளோ நல்லா இருக்குமாம்" என்று என் கணவர் தானே அந்த லாரியில் உட்கார்ந்து போன மாதிரி சொன்னார்.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அமெரிக்கர் வராந்தாவில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போன் கையில் இல்லை. செய்தி ஏதும் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இனிமேல் பார்க்கப்போவதில்லை, மேடம்" என்றார். "அவர் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் இல்லை. போகட்டும். எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆனால் இப்படித் தினம் தினம் ஒன்றுமில்லாத சேதியைக் கேட்டுக் கேட்டு, அவர் மேல் எனக்கிருந்த பிரியமே தேய்கிறது. ஆட்டத்தின் மேலேயே ஒரு சலிப்பு வருகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை."

செய்தி வருகிற செயலியை போனிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னார். சாரும் தன்னிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் கீழே வந்து சொன்னேன். என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு தன் போனை நீட்டி, அந்தச் செயலியை இதில் ஏற்றிக்கொடு என்றார்.

"அவரே வேணாம்னுட்டாரு. உங்களுக்கு எதுக்கு?"

"யாராவது ஒருத்தர் பாக்கணும் இல்ல?" என்றார்.

தை பாதியில் பையன் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர்கள் ஜோசியர் ஏதோ சொல்லியிருக்கிறாராம், இன்னொருவரிடமும் காட்டிவிட்டுச் சொல்கிறோம், பங்குனிவரை பொறுத்துக்கொள்ள முடியுமா என்றார்கள். நான்தான் எடுத்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அப்பாவிடம் போனைக் கொடு என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, எனக்கு அலுத்துப் போச்சுப்பா. அவங்க நாளைக்கே சரின்னாலும் எனக்கு வேணாம். நான் இனிமே காத்துட்டு இருக்கமாட்டேன்."

சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது, அடுத்த இடம் எப்போது அமையும், எல்லாம் ஒரே நேரத்தில் என் மனசில் ஓடியது. என் கணவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"சரிம்மா. நானே அவங்களுக்குப் போன் பண்ணி சொல்லிடறேன். நீ சாப்ட்டியா?" என்றார்.

போன் பண்ணினார். மரியாதையாக, இரண்டே நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். நான் சமையலறையில் போய் நின்று அழுதேன். பின்னாலேயே வந்தார். "ஒரு புள்ளைய இத்தனை மாசம் உக்கார வெச்சிருக்கோம்னு அவங்களுக்குத் தோணவே இல்ல பாரு. நமக்காவது தோணணும்" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அது ஆறுதலாக இல்லை. படுக்கும்போது யோசித்துப் பார்த்தேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மாசி பிறந்தது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் காலையில் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"போயிட்டாரு" என்றார்.

யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். யார் என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார். அந்த ஆட்டக்காரர் வேறு அணியின் தொப்பியை வைத்துக்கொண்டு, யாருடனோ கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். தூரத்தில், கடலோரத்தில் இருக்கும் வேறு ஊர் அணி.

"அவருகிட்ட எப்படி சொல்றது?" என்றார். சொல்லவேண்டாம் என்றுதானே கேட்டுக்கொண்டார் என்றேன். அது பேச்சு நடக்கும்போது, இப்போது முடிந்துவிட்டது, முடிந்ததைச் சொல்லாமல் இருப்பது தப்பு என்றார். வெளியில் யாராவது சொல்லிக் கேள்விப்படுவதைவிட நம் வீட்டில் கேட்கட்டும் என்றார். அப்புறம் ஒரு யோசனை. "வெறும் வயித்துல வேணாம். இன்னைக்கு அவரையும் டிபனுக்குக் கூப்புடு. சாப்ட்டதும் நானே சொல்றேன்."

கூப்பிட்டேன். அமெரிக்கர் வந்து உட்கார்ந்தார். என் கணவர் அவருக்குத் தோசையை எடுத்து எடுத்து வைத்தார். பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், மொட்டை மாடியில் குரங்கு டேங்க் மூடியைக் கழற்றிப் போட்டதைப் பற்றிப் பேசினார். வழக்கத்துக்கு மீறிப் பேசினார். அமெரிக்கரும் எல்லாவற்றுக்கும் சிரித்தார், இன்னும் ஒன்று போதும், இன்னும் ஒன்று போதும் என்று நாலைந்து தோசை சாப்பிட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் கிளம்ப மனசு வரவில்லை.

காபியும் குடித்தாகிவிட்டது. என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார்..." என்றார்.

அமெரிக்கர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். "தெரியும், சார்" என்றார். "காலையில் என் தங்கை சேதி அனுப்பிவிட்டாள். நீங்கள் சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம் என்றுதான் நானும் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ரொம்ப எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்களே."

நான் மொழிபெயர்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. என் கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் இல்லை, மகளைக்கூடத் தலையில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று எழுந்து போய் அமெரிக்கரின் தோளில் கையை வைத்தார். அமெரிக்கர் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு இத்தனை தோசை சாப்பிட்டிருக்கவேண்டியதில்லை என்று அமெரிக்கர் சொன்னார்.

அன்று அவர்கள் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைவரை நடந்து போய், வெயில் ஏறியதும் ஆட்டோவில் திரும்பினார்களாம். வழியெல்லாம் அமெரிக்கர் அந்த ஆட்டக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாராம். திட்டி முடித்ததும், நிம்மதியாக இருக்கிறது, இத்தனை நாள் கோபப்படக்கூட வழியில்லாமல் இருந்தது என்றாராம். சாயங்காலம் இதைச் சொல்லும்போது என் கணவரின் முகமும் தெளிவாக இருந்தது.

பங்குனி வெயிலுக்கு முன்னால் அமெரிக்கர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கார் வந்து நின்றபோது இருவரும் ரொம்ப நேரம் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் வருவீர்களா என்று நான் கேட்டேன். வருவேன், இதற்கு யாரும் காத்திருக்கவேண்டியதில்லை, இப்போதே சொல்லிவிட்டேன் என்றார்.

சித்திரை முதல் தேதிக்கு மகள் வந்திருந்தாள். அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வரும். காலையில் எழுந்து வந்தவள், அப்பா காபியும் கையுமாக போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எங்கே ஓடவேண்டும், எப்போது அவுட் என்றெல்லாம் விளக்கினார். பெரிய ஆட்டக்காரர் நின்ற இடத்தில் இப்போது ஒரு சின்ன வயதுக்காரன் நிற்கிறான், பந்தை விட்டுவிடுகிறான், ஆனாலும் நன்றாக ஓடுகிறான் என்றார்.

"அவரு போன டீமோட மேட்ச்சும் பாப்பீங்களாப்பா?"

"அவரு மேல கோவம்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கட்டும்" என்றார். "ஆனா பாக்கறது இல்ல."

அவள் அப்பாவின் டம்ளரிலிருந்தே ஒரு வாய் காபி குடித்துவிட்டு, காலை மடக்கிச் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு அமெரிக்கரின் அணி தோற்றுவிட்டது. ஏன் தோற்றது என்று இருவரும் இட்லி முடிகிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.